மிஸ் குமுதா விழுந்த இடங்கள்

1983 ஜூன் 9, வியாழன்

தண்ணி லாரி காலை ஏழு மணிக்கு வந்தது. ஆறு குடம் பிடித்தோம். ஏழாவது குடத்தை மூன்றாம் வீட்டுக்காரி காலால் தள்ளிவிட்டாள். தெரியாமல் பட்டுவிட்டதாம்.

மத்தியானம் ஹேமா காலேஜிலிருந்து ஓடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஆயா! ஜட்கா ராணி கிடைச்சிருச்சு!" என்று என் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினாள். கும்பகோணம் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்திய ஒருவர் வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள் இருந்ததாம். சென்னையில் பழைய படங்களைத் தேடிப் பிடிக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் எடுத்து வந்துவிட்டார்கள். அடுத்த மாதம் மூன்றாம் தேதி எழும்பூரில் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டி, மிஸ் குமுதாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம்.

மிஸ் குமுதா என்றால் இந்த வீட்டில் நான்தான். படங்கள் பேசாத காலத்தில் ஜனங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த மிஸ் குமுதா. போன தீபாவளியிலிருந்து அயனாவரத்தில் பாதிப் பேருக்கு இது தெரியும்.

ஹேமா என் மகன் தயாளனின் ஒரே பெண். பி.ஏ. இரண்டாம் வருஷம். நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் இங்கிலீஷ் பேப்பரைப் படித்து எனக்குத் தமிழில் சொல்கிறாள், நடுவில் ஒரு வார்த்தைக்குத் திக்குவதில்லை. சங்கத்துக்குக் கடிதம் எழுதியதும் அவள்தான்.

சந்தோஷம்தான். சாயந்திரம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். வெயிலில் லாரிக்கு நின்றதால் இருக்கும்.

ஜூன் 10

பித்தளைப் பாத்திரம் எல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். நேற்று தேய்த்தவைதான்.

ஜூன் 12, ஞாயிறு

சங்கத்திலிருந்து சபாபதி என்று ஒருவர் வந்தார். பேங்கில் வேலை. கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அந்த ஜட்காவிலேர்ந்து விழறது எப்படி எடுத்தாங்க? வண்டியிலே கயிறு ஏதாச்சும் கட்டினாங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிறாவது! குதிரை ஓடும்போது பின்படியில் நிற்க வேண்டும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும். ஏறும்போது விழக்கூடாது, தூக்கி அடிக்கும். இறங்கும்போது உடம்பைத் துணிமூட்டை மாதிரி விட்டுவிட வேண்டும். முதலில் தோள், பிறகு இடுப்பு, கடைசியில் கால் இரண்டும் வானத்தைப் பார்க்க வேண்டும். கால் மேலே போனால்தான் சிரிப்பு. இதை எல்லாம் எழுந்து நின்று செய்தே காட்டினேன். தயாளன், "மெள்ளம்மா, மெள்ள" என்று என் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றான். சபாபதி விடாமல் எழுதிக்கொண்டார்.

பிறகு அவர், "கிட்டத்துல மூஞ்சியை மட்டும் எடுப்பாங்களே, அப்ப எங்கே பாக்கச் சொல்லுவாங்க?" என்றார்.

நான் காப்பி ஆறுகிறது என்றேன்.

அவர் போன பிறகு ஹேமா, "ஆயா, உன் மூஞ்சியை இருபது வயசுல நான் பாக்கப் போறேன்! அந்த வயசுல உனக்கு ஒரு போட்டோகூட இல்லையே" என்றாள். ராத்திரி தட்டில் பாதியை வைத்துவிட்டேன். கத்தரிக்காய் முற்றல்.

ஜூன் 14

இந்த டைரி தயாளன் வேலை பார்க்கும் ஐ.சி.எப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் கொடுப்பது. வருஷா வருஷம் என்னிடம் தந்துவிடுவான். பால்காரன் வராத நாள், காஸ் சிலிண்டர் மாற்றிய நாள் எல்லாம் இதில்தான் இருக்கும். அதனால் ஒருவரும் புரட்டுவதில்லை. எழுதிவிடுகிறேன்.

அந்தப் படத்தில் மிஸ் குமுதாவின் முகம் என்னுடையது இல்லை.

முகம் டோரீன் பெரைராவினுடையது. பெரம்பூர் ரயில்வே காலனிச் சட்டைக்காரப் பெண், ஆங்கிலோ இந்தியப் பெண். நம் வீட்டுப் பெண்கள் கேமராவுக்கு முன்னால் நிற்க மாட்டார்கள் என்று கம்பெனிக்காரர்கள் அவளைப் பிடித்து, புடவை கட்டி, சவுரி வைத்து, குமுதா என்று பெயர் போட்டார்கள். கண்ணை உருட்டி ஒரு சிரிப்புச் சிரிப்பாள் பாருங்கள், அதற்கே கொட்டகை நிறையும். ஆனால் ஓர் அடி உயரத்திலிருந்து குதிக்கச் சொன்னால் அழுதுவிடுவாள்.

என் அப்பா சிந்தாதிரிப்பேட்டையில் தையல்கடை வைத்திருந்தார். அவர் அனுப்பி, நான் டோரீனுக்கு ரவிக்கை தைக்கவும் புடவை கட்டிவிடவும் போனேன். ஒருநாள் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள் கால் தடுக்கி, பெட்டியோடு மூன்று சுற்றுச் சுற்றி விழுந்தேன். கம்பெனி மொத்தமும் சிரித்தது. டைரக்டர் வரதன் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி விழு" என்றார்.

அன்றிலிருந்து ஒரே மாதிரி இரண்டு புடவை, இரண்டு ரவிக்கை. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுவார்கள். டோரீன் சிரித்துக்கொண்டே கோடு வரைக்கும் வந்து நிற்பாள். கேமராவை நிறுத்துவார்கள். அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்து எலுமிச்சைத் தண்ணீர் குடிப்பாள். நான் அதே கோட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். கேமரா சுற்றும். விழுவேன். மறுபடி நிறுத்துவார்கள். நான் விழுந்த இடத்தில் அவள் வந்து படுத்து, எழுந்து, தலையில் ஒட்டிய வைக்கோலை ஊதிச் சிரிப்பாள். "உன் மூஞ்சி திரும்பிச்சோ, மறுநாள் கம்பெனிப் பக்கம் வராதே" என்று வரதன் தினமும் சொல்வார். இரண்டு வருஷத்தில் பதினொரு படம். நடை, ஓட்டம், சறுக்கல், கிணற்றில் விழுந்தது, மாடு முட்டியது எல்லாம் நான்.

பிறகு படம் பேச ஆரம்பித்தது. டோரீனின் தமிழைக் கேட்டு ஜனங்கள் வேறு விதமாகச் சிரித்தார்கள். அவளை அனுப்பிவிட்டார்கள். முகம் போன பிறகு முதுகுக்கு என்ன வேலை? எனக்குக் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

போன தீபாவளிக்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது ஹேமா ஒரு பழைய நோட்டீசை எடுத்தாள். அதில் ஒரு பொம்பளை தலைகுப்புற விழுகிறாள். முகம் முந்தானைக்குள். "ஆயா, இது நீயா?" என்றாள். நான்தான் என்றேன். அது சத்தியம். "அப்போ மிஸ் குமுதா நீதானா?" என்று அடுத்தபடி கேட்டாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அதிரசத்தைப் போட எழுந்து போய்விட்டேன்.

இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

ஜூன் 17

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. 'மிஸ் குமுதா (திருமதி சொர்ணாம்பாள்) அவர்கள் நேரில் கலந்துகொள்கிறார்' என்று கொட்டை எழுத்தில். ஹேமா தெரு முழுக்கக் கொடுத்துவிட்டாள். மூன்றாம் வீட்டுக்காரி கும்பிட்டு வாங்கிக்கொண்டாளாம்.

மருமகள் புனிதா பத்து வருஷமாக எனக்கு இரண்டாம் டிகாக்ஷன் காப்பிதான் கொடுப்பாள். கேட்டால், "வயசானவங்களுக்கு ஸ்ட்ராங் ஆகாது அத்தே" என்பாள். இந்த ஒரு வாரமாக முதல் டிகாக்ஷன். நாக்கில் வைத்ததும் தெரிந்துவிட்டது. குடிக்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

ஜூன் 18

முழங்கால் வலி, மூன்றாம் தேதி என்னால் வர முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். ஹேமா தைலம் வாங்கி வந்துவிட்டாள். டாக்சியும் ஏற்பாடு செய்துவிட்டாள்.

ஜூன் 21

டோரீன் உயிரோடு இருக்கிறாள்!

கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பெரம்பூர் பஸ் ஏறினேன். ரயில்வே காலனியில் விசாரித்ததில் ஒரு பேக்கரிக்காரர், சர்ச் பின்னால் இருக்கும் முதியோர் இல்லத்தைக் காட்டினார். செத்துப் போயிருந்தால் தைரியமாக அந்தப் பொன்னாடைப் போர்வையை வாங்கிக்கொள்ளலாம், இருந்தால் காலைப் பிடித்தாவது வாயை அடைத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதற்குத்தான் போனேன்.

சக்கர நாற்காலியில், பூப்போட்ட கவுனும் முகம் நிறைய பவுடருமாக இருந்தாள். நகத்துக்குச் சிவப்புச் சாயம். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சொர்ணம்தானே? என்ன மேன், நீ இன்னும் சாவலையா?"

"நீ முன்னால போய் எடம் புடிச்சு வெச்சா வரேன்."

கைகொட்டிச் சிரித்தாள். அதே சிரிப்பு. ஐம்பது வருஷம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நர்சம்மாவிடம், "எனக்குப் புடவை கட்டி விடுவா இவ, என் டெய்லர்" என்றாள்.

நர்சம்மா என்னிடம், "பாட்டிம்மா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே! ஆன்ட்டி அந்தக் காலத்துல ஓடற ஜட்காவுலேர்ந்தே விழுவாங்களாமே! கிணத்துல எல்லாம் குதிப்பாங்களாமே! அதுல அடிபட்டுத்தான் இடுப்பு எலும்பு போச்சாம்" என்றாள்.

"யாரு விழுந்தது?" என்றேன்.

"நான்தான்" என்றாள் டோரீன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"நீயா! நாற்காலியை விட்டு எறங்கறதுக்கே ரெண்டு பேர் கையைப் புடிக்கணும் உனக்கு. இடுப்பு எங்கே போச்சு, உண்மையைச் சொல்லு."

"பாத்ரூம்ல" என்று நர்சம்மாவுக்குக் கேட்காமல் முணுமுணுத்தாள். பிறகு சத்தமாக, "போஸ்டர்ல யார் பேர் இருந்துச்சு? குமுதா. குமுதா யாரு? நான். குமுதா விழுந்தா நான் விழுந்த மாதிரிதான் மேன்" என்றாள்.

"உன் மூஞ்சிக்கு யாருடி சிரிச்சா? என் முதுகுக்குத்தான் சிரிச்சாங்க!"

"முதுகு எல்லாருக்கும் இருக்கு. கழுதைக்கும் இருக்கு."

அப்போதுதான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். காலைப் பிடிக்கப் போனவள், "படம் கிடைச்சிருக்கு! மூணாம் தேதி எழும்பூர்ல போடறாங்க! வந்து பாரு, யாரு விழுந்தான்னு!" என்று கத்திவிட்டேன்.

டோரீன் சாயம் பூசிய விரல்களால் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "படமா? என் படமா?" என்று கேட்டாள். "நான் அதை ஒருவாட்டிகூடப் பாத்ததில்ல. கொட்டகைக்குப் போனா ஜனங்க புடவையைப் புடிச்சு இழுப்பாங்கன்னு மம்மி விடல."

நான் கிளம்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

ஜூன் 22

என் வாயைத் தைத்திருக்க வேண்டும். இத்தனை ரவிக்கை தைத்தேன், அதைத் தைக்கவில்லை.

ஜூன் 26, ஞாயிறு

ஹேமா மேடையில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசப் போகிறாள். எழுதி வைத்திருப்பதைப் படித்துக் காட்டினாள். 'எங்கள் வீட்டில் எல்லோரும் படிப்பைத்தான் பெருமையாகப் பேசுவார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த என் ஆயா ஊரையே சிரிக்க வைத்தவர் என்று தெரிந்த நாளிலிருந்து நான் நிமிர்ந்து நடக்கிறேன்' என்று வருகிறது.

இதுதான் நேரம், சொல்லிவிடலாம் என்று, "ஹேமா, அந்தக் காலத்துல படம் எடுக்கிற விதமே வேற" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் ஆயா, சபாபதி சார் சொன்னாரு. இரு, உனக்குப் புடிச்சிருக்கான்னு பாரு" என்று ஒரு புடவையைப் பிரித்தாள். மாம்பழ நிறம், பச்சைக் கரை. டியூஷன் எடுத்த காசில் வாங்கியதாம்.

நிறம் எனக்கு எடுப்பாக இருக்கும் என்றேன்.

ஜூன் 30

லாரி வரவில்லை. வடாம் பிழிந்தேன். காக்கா கொண்டுபோனது பாதி. எழுந்து விரட்டவில்லை.

ஜூலை 3, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

பத்து மணிக்கு மண்டபத்தில் நூறு பேருக்கு மேல். மாம்பழப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் ஹேமா, மறுபக்கம் தயாளனும் புனிதாவும். வாசலில் டாக்சி நின்று, நர்சம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டோரீன் வெள்ளைக் கையுறை போட்டிருந்தாள். நேராக வந்து என் முழங்காலை ஒட்டி நாற்காலியை நிறுத்தச் சொன்னாள்.

"இவங்க யாரு ஆயா?" என்றாள் ஹேமா.

"கூட வேலை செஞ்சவங்க."

"எந்தப் படத்துல?"

"எல்லாப் படத்துலயும்" என்றாள் டோரீன்.

சபாபதி மைக்கில் பேசினார். ஆறு சுருளில் ஐந்து, வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் போய்விட்டதாம். பிழைத்தது ஒன்றுதான், கடைசிச் சுருள். அதிலும் முடிவு எரிந்துவிட்டதாம். மொத்தம் ஒன்பது நிமிஷம். அப்படிச் சொன்னபோதும் எனக்கு விளங்கவில்லை. விளக்கை அணைத்தார்கள்.

கடைசிச் சுருள் என்றால் கல்யாணத்துக்குப் பயந்து குமுதா ஜட்காவில் தப்பி ஓடுவது. எல்லாம் தூரத்திலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்தது. ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு சந்தையில் ஓடுகிறாள். வாழைத்தாரில் இடிக்கிறாள். தராசில் உட்கார்ந்து மேலே போகிறாள். ஜட்காவில் தொற்றுகிறாள், பள்ளத்தில் சக்கரம் இறங்குகிறது, கால் இரண்டும் வானத்துக்குப் போகின்றன. மண்டபம் முழுதும் சிரிப்பு. ஹேமா என் கையைக் கிள்ளிக் கிள்ளிச் சிரித்தாள். "ஆயா! ஐயோ ஆயா!" என்றாள். அந்தக் கால்களை எனக்கு அடையாளம் தெரிந்தது. அவ்வளவு ஒல்லியாகவா இருந்தேன்?

முழங்காலருகே இருந்த டோரீன் என் முந்தானையை இழுத்தாள். "சொர்ணம், நான் எப்ப வருவேன்?"

"இரு, வருவே."

மறுபடி ஒரு விழுகை. மறுபடி சிரிப்பு. "இப்பவா?"

"இரு."

கடைசியில் பானைக் கடை. குவியல் நடுவில் நான் போய் விழுகிறேன், உடைந்த ஓடுகளும் புழுதியும் பறக்கின்றன. டோரீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இப்ப வருவேன் பாரு! பானையைத் தலையில மாட்டிக்கிட்டு எந்திரிச்சுச் சிரிப்பேன், அதுக்குத்தான் விசில் அடிப்பாங்கன்னு சொன்னாங்க" என்றாள். கையுறையைச் சரி செய்துகொண்டாள், யாரோ அவளைப் பார்க்கப் போகிற மாதிரி.

திரை வெள்ளையானது. விளக்கைப் போட்டார்கள்.

அவள் முகம் ஓர் இடத்திலும் இல்லை. நான் ஒரு மாதமாகப் பயந்தது எரிந்து போய்விட்டது. "மிஸ் குமுதா அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார் சபாபதி. எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. எழுந்து பத்து அடி நடந்தால் போதும்.

டோரீன் சண்டை போட்டிருந்தால் நடந்திருப்பேன். அவள் போடவில்லை. வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் வரும் என்று காத்திருந்தாள்.

மேடை ஏறி மைக்கைப் பிடித்தேன். "மிஸ் குமுதா நான் இல்லீங்க. அதோ, சக்கர நாற்காலியில இருக்காங்களே, அவங்க. போஸ்டர்ல இருந்த மூஞ்சி அவங்களுது. நான் வந்து..." என்றேன். அதற்குள் எல்லாத் தலையும் திரும்பிவிட்டது. கைதட்டல் இன்னும் பெரிதாக எழுந்தது. சபாபதி என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு கீழே ஓடினார். போர்வை டோரீன் தோளுக்குப் போயிற்று. "ஜட்காவிலேர்ந்து எப்படிம்மா விழுந்தீங்க?" என்று அவளிடம் கேட்டார்.

டோரீன் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு கணம்தான். பிறகு கண்ணை உருட்டி அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். "சிம்பிள் மேன். கண்ணை மூடிக்கிட்டுக் குதிச்சிட வேண்டியதுதான்" என்றாள்.

விழும்போது கண்ணை மூடவே கூடாது. மூடினால் கழுத்து முறியும். இதுகூடத் தெரியாதவளுக்குப் போர்வை.

எனக்குக் கோபம் இல்லை. ஹேமா மேடையில் பேச எழுதி வைத்திருந்த தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

ஜூலை 4

இரண்டாம் டிகாக்ஷன்.

தயாளன், "ஆபீஸ்ல என்னம்மா சொல்றது நான்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான். ஹேமா என்னைப் பார்க்காமலே சாப்பிட்டாள்.

ஜூலை 5

லாரி வந்தது. வரிசையில் மூன்றாம் வீட்டுக்காரி, "வாங்க மிஸ் குமுதா, முன்னால வாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு குடத்தோடு வந்துவிட்டேன்.

ஜூலை 6

காலையில் ஹேமா கூடத்தில் மெத்தை, போர்வை எல்லாம் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

"நீ அங்கே துணி தைக்கத்தானே போனே?" என்றாள், திரும்பாமல். "அந்தம்மாவோட நர்ஸ் சொன்னாங்க. அதையே சொல்லியிருந்தா எனக்கு என்ன? டெய்லரா இருந்தா நான் குறைச்சலாவா நினைச்சிருப்பேன்?"

"தைக்கத்தான் போனேன். ஆனா விழுந்தது எல்லாம் நான். மூஞ்சிதான் அவளுது."

திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "போதும் ஆயா. ஒரு பொய் போச்சுன்னா இன்னொண்ணா? அந்தம்மாவே நான்தான் விழுந்தேன்னு மைக்ல சொன்னாங்க. நீ மேடையில நின்னு பேசாம கேட்டுக்கிட்டிருந்தே."

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். வாசல்படி வரை போய்த் திரும்பி, அவளைப் பார்த்தபடி சந்தையில் ஓடின ஓட்டத்தை ஓடினேன். எழுபத்து மூன்று வயதில் அது ஓட்டமா என்று கேட்காதீர்கள். கூடத்து நடுவில் இல்லாத வாழைத்தாரில் இடித்தேன். மூட்டையாக உடம்பை விட்டேன். தோள், இடுப்பு, மெத்தைக் குவியலில் சரிந்து, கால் இரண்டும் மேலே. போர்வைகள் என்மேல் சரிந்தன.

"ஐயோ, அத்தே போயிட்டாங்க!" என்று புனிதா அடுக்களையில் எதையோ போட்டு உடைத்தாள். தயாளன் பாதி முகம் சோப்பு நுரையோடு ஓடி வந்தான்.

ஹேமா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முதலில் பயம்தான். பிறகு மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வளைந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அது நீதான்! ஆயா, அது நீதான்!" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள் என்றுதான் நினைக்கிறேன்.

கம்பெனியில் எப்போதும் முதுகைக் காட்டித்தான் விழுவேன். சிரிப்புச் சத்தம் பின்னாலிருந்து வரும். நான் விழுந்ததைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு முகத்தை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. தரையில் மல்லாந்து கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

இடுப்பில் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. டாக்டர் வேண்டாம் என்றாலும் தயாளன் கேட்கவில்லை, கூட்டிவரப் போயிருக்கிறான்.